திருக்கோட்டியூரில் வெளியான பொருள்: ஒன்பது உறவும் பிறர் நோவும்

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை செல்லும் சாலையிலுள்ள திருக்கோட்டியூர், செட்டிநாட்டில் வாழும் எங்களுக்கு அடுத்த வீடு போன்ற திவ்யதேசம். சௌம்ய நாராயணப் பெருமாளும் திருமாமகள் நாச்சியாரும் எழுந்தருளியிருக்கும் அத்திருக்கோயிலின் அஷ்டாங்க விமானத்தில் படியேறி மேல்தளங்களைச் சேவிக்கப் போகிறவர்களுக்கு, உடன் வருவோர் ஓரிடத்தைத் தவறாமல் காட்டுவர். அங்கே உடையவரின் திருவுருவம் நிற்கிறது. அவ்விடத்தில் நின்றே அவர் எட்டெழுத்து மந்திரத்தை ஊரார் அனைவரும் கேட்க உரக்கச் சொன்னார் என்பது அவர்கள் கூறும் செய்தி. கேட்பவர் கைகூப்புவர், சிலர் கண் கலங்குவர், பிறகு இறங்கி வந்து பிரஸாதம் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புவர்.

அந்தக் கண்ணீரை அடியேன் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் அன்று அங்கே வெளியானது யாது என்னும் வினாவை நம்மவர் நின்று கேட்பதில்லை. 2017ஆம் ஆண்டில் உடையவரின் ஆயிரமாவது திருநக்ஷத்திரம் கொண்டாடப்பட்டபோது மேடைதோறும் இச்சரிதம் பேசப்பட்டது. பேசியவர் பலரும் ரகசியம் ஒன்று உடைக்கப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டனர். அந்த ரகசியத்தின் உள்ளே இருந்தது இன்னதென்று தெளிந்தால்தான், அதை ஏன் ஒருவர் தம்முள் அடக்கிவைக்க முடியாமற் போயிற்று என்பதும் விளங்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உடையவர் திருவரங்கத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவைக் கடந்து பதினெட்டு முறை திருக்கோட்டியூர் நம்பியின் திருமாளிகை வாசலுக்கு வந்தது எட்டு எழுத்துகளைக் கேட்பதற்காக அன்று. அதற்கு முன்பே மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமன் ஸந்நிதியில் பெரிய நம்பிகள் அவருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளியாயிற்று. தாபம், புண்ட்ரம், நாமம், மந்த்ரம், யாகம் என்ற ஐந்தில் நான்காவது மந்திரோபதேசமே. கையில் உள்ள மந்திரத்திற்காக ஒருவர் பதினெட்டு முறை நடப்பாரோ? அவர் தேடி வந்தது அர்த்தம். ஆளவந்தார் தம் சிஷ்யர்களுள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பொருளை வைத்துப் போனார். ரகஸ்யார்த்தங்கள் திருக்கோட்டியூர் நம்பியிடம் இருந்தன. அன்று அருளப்பட்டது திருமந்திரத்தின் பொருள் என்பாரும், சரமச்லோகத்தின் பொருள் என்பாரும் உளர். சொன்ன இடம் பற்றியும் வேறுபாடு உண்டு. பழைய வழக்கைப் பின்பற்றுவோர், விமானத்தை விட்டு, தெற்காழ்வார் என்று வழங்கும் நரஸிம்ஹன் ஸந்நிதியில் திரண்டிருந்த ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அருளிச்செய்தார் என்பர். இரு சாராரும் ஒத்துக்கொள்வது, வெளியானது சப்தம் அன்று, பொருள் என்பதே. இவ்வளவு போதும், இடத்தைக் குறித்த வழக்கை இங்கே நீட்ட வேண்டியதில்லை.

அப்பொருளின் உயிர்நிலை, ஆத்மாவுக்கும் எம்பெருமானுக்கும் உள்ள ஸம்பந்தம். பிள்ளை லோகாசார்யர் இதனை நவவித ஸம்பந்தம் என்று தனியே ஒரு ரகஸ்யமாக வகுத்தருளினார். பிதா-புத்திரன், ரக்ஷகன்-ரக்ஷ்யம், சேஷி-சேஷம், பர்த்தா-பார்யை, ஜ்ஞேயம்-ஜ்ஞாதா, ஸ்வாமி-ஸ்வம், ஆதாரம்-ஆதேயம், ஆத்மா-சரீரம், போக்தா-போக்யம் என ஒன்பது. இவ்வொன்பதும் வெளியிலிருந்து கொண்டுவந்து மந்திரத்தில் ஏற்றியவை அல்ல. பிரணவத்தின் அகாரம் அனைத்திற்கும் காரணமாய் நிற்பவனைச் சொல்வதால் தந்தை என்னும் உறவு; அதன் தாது காத்தற்பொருள் உடையதாதலால் காப்பவன் என்னும் உறவு; அதன்மேல் மறைந்து நிற்கும் நான்காம் வேற்றுமையால் அவனுக்கே ஆனவன் என்னும் சேஷத்வம்; உகாரத்தால் வேறொருவர்க்கும் ஆகாமை; மகாரத்தால் அறிபவனும் அறியப்படுபவனும் என்னும் உறவு. நமஸ்ஸில் உடைமையும் உடையவனும். நாராயண பதத்தில் தாங்குவதும் உள்நின்று நடத்துவதும். முடிவான ஆய என்பதில் அவன் உகப்புக்கு விஷயமாதல். இலக்கணம் பயின்றவர் இவ்வடைவைத் தாமே பிரித்துக் காணலாம்.

இவற்றுள் நமஸ்ஸு நம் அன்றாட வாழ்வை நேரே வந்து தொடுவது. 'ம:' என்றால் எனக்கு உரியது. 'ந' என்றால் அன்று. நான் எனக்கு உரியேன் அல்லேன் என்பது சொல்லின் நேர்ப்பொருள். திருக்கோட்டியூர்ப் பக்கத்தார் சொல்லும் கர்ணபரம்பரைச் செய்தி ஒன்று உண்டு. நம்பி உள்ளிருந்து வந்திருப்பவர் யார் என்று வினவியபோதெல்லாம் உடையவர் 'நான்' என்று தொடங்கி விடை சொன்னதாகவும், அந்த 'நான்' ஒழிந்த பின் வரச் சொல்லி நம்பி திருப்பியனுப்பியதாகவும், இறுதியில் 'அடியேன்' என்று சொன்னபோது கதவு திறந்ததாகவும் கூறுவர். நூல்களில் இவ்வடிவில் தேட வேண்டாம். ஆனால் ஊரார் நமஸ்ஸின் பொருளை எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சான்று.

பலரும் இந்த நமஸ்ஸைத் தம்மளவில் முடித்துக்கொள்வர். நான் எனக்கு உரியவன் அல்லன் என்றால், என் எதிரில் நிற்பவனும் எனக்கு உரியவன் அல்லன். அவனும் அதே ஸ்வாமியின் உடைமை. வேலையாளாயினும், சிஷ்யனாயினும், பெற்ற பிள்ளையேயாயினும் என் பொருளாக அவனை ஆள எனக்கு உரிமை இல்லை. நார சப்தம் ஒருமையைக் குறிப்பதன்று, அது திரள். 'நாராயணன்' என்று சொல்லும்போது அத்திரளில் நானும் ஒருவனாக நின்று சொல்கிறேனேயன்றி, திரளுக்கு வெளியே தனியனாய் நின்று சொல்ல வழியில்லை. சரீர-ஆத்ம உறவைச் சொல்லவே வேண்டாம்: பிறனை நோவச் செய்பவன் யாருடைய திருமேனியில் கை வைக்கிறான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இவ்வுறவுகள் நிருபாதிகம். கூலிக்கு வந்த உறவு கூலி நின்றால் நிற்கும். கடனால் வந்த உறவு கடன் தீர்ந்தால் தீரும். இது ஒரு காரணம் பற்றி வந்ததன்று. எனவே ஒரு காரணம் பற்றிப் போவதும் அன்று. அறிந்தவனுக்கும் உண்டு, அறியாதவனுக்கும் உண்டு. மறுத்து நிற்பவனுக்கும் அதே அளவில் உண்டு. வேறுபாடு அறிவில் மட்டுமே.

இதை விளக்க நம் வியாக்கியான காலக்ஷேபங்களில் ஒரு கதை சொல்வதுண்டு. வணிகன் ஒருவன் மனைவி கருவுற்றிருக்கும் நிலையில் பொருளீட்டத் தொலைதேசம் போனான். பிறந்த மகன் வளர்ந்து குலத்தொழிலாகிய வாணிகத்தையே மேற்கொண்டான். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் வழியில் ஒரே பந்தலில் சரக்கை இறக்கினர். இடம் போதாமல் வாய்ச்சண்டை கைச்சண்டையாகும் அளவுக்கு வந்தது. இருவரையும் அறிந்த ஒருவர் அங்கே வந்து, இவன் உன் தந்தை, இவன் உன் மகன் என்றார். அவ்வளவே. சண்டை அற்றது, இரண்டு சரக்கும் ஒன்றாயிற்று, இவன் காப்பவன், இவன் காக்கப்படுபவன் என்பது சொல்லாமலே நிலைத்தது.

அடியேன் இக்கதையைத் தந்தையார் வாயால் சிறுவயதில் கேட்டபோது எங்கள் ஊரில் இதற்கு உரை தேவைப்படவில்லை. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கணக்குக்குப் போன நகரத்தார் குடும்பங்களில், மூன்றாண்டுக் கெடு முடிந்து வீடு வந்த தந்தையைக் கண்டு, ஆச்சியின் சேலையைப் பற்றிக்கொண்டு பின்வாங்கிய குழந்தைகளைப் பார்த்த பெரியவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். 'அப்பச்சி வந்திருக்காகடா' என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவர் அக்குழந்தைக்குத் தந்தையைக் கொடுத்தவர் அல்லர். உள்ள தந்தையைக் காட்டியவர்.

ஆசார்யன் செய்வதும் இதுவே. அவர் உறவை உண்டாக்குவதில்லை. உள்ள உறவை உணர்த்துகிறார். இது மனத்தில் பட்டால் திருக்கோட்டியூர் நிகழ்ச்சியின் நிறமே மாறிவிடும். நம்பியின் தனிச்சொத்தை உடையவர் ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று சொல்வது பொருந்தாது. அங்கே திரண்டிருந்த ஒவ்வொருவரும் முன்பே எம்பெருமானுடையவர். அவரவர்க்குச் சொந்தமானதை அவரவரிடம் சொன்னார். பந்தலில் தந்தையும் மகனும் அடித்துக்கொள்வதைக் கண்டும், எனக்குச் சொல்ல அனுமதி இல்லை என்று வாய் மூடி நிற்க எவரால் இயலும்?

அவ்வாறாயின் முன்னோர் ஏன் மறைத்தனர்? இங்கே நம்பியை உலோபியாக்கிப் பேசுவோரை அடியேனால் ஏற்க இயலாது. உடையவர்க்குத் திருவாய்மொழிப் பொருள் கிடைக்கத் திருமாலையாண்டானிடம் அவரைக் கொண்டு சேர்த்தவர் நம்பியே. இடையில் அக்காலக்ஷேபம் தடைப்பட்டபோது ஆண்டானிடம் பேசி மீண்டும் தொடங்கச் செய்தவரும் அவரே. கொடுக்க மனமில்லாதவர் செய்யும் காரியங்களா இவை? முன்னோர் வேலி இட்டது பொருளின் அருமை கருதி. சரமச்லோகத்தின் பொருளைப் பாதி கேட்டவன், தர்மங்களை விடச் சொன்னதாக எண்ணிக்கொண்டு மனம்போனபடி நடக்கக்கூடும். உபாய பாவத்தை விடுவதற்கும் ஒழுக்கத்தை விடுவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு நாள் பேச்சில் விளங்குவதன்று. ஆகவே ஒருவரிடமிருந்து ஒருவர்க்கு, சோதித்துச் சோதித்து அளித்தார்கள்.

மணவாள மாமுனிகள் (1370–1443) உபதேச ரத்தினமாலையில் இதை நிதானமாக எடைபோட்டிருக்கிறார். முன்னோர் ஓர் ஆள் வழியாகவே உபதேசித்து வந்தனர். எதிராசர் தம் அருள் மிகுதியால், ஆசையுடைய யாவர்க்கும் சொல்லும்படி ஆசார்யர்களை நியமித்து அவ்வெல்லையை நீக்கினார் என்பது அவர் கருத்து. இங்கே கவனிக்க வேண்டுவது இரண்டு. முன்னோரை அவர் பழிக்கவில்லை. எல்லை நீக்கப்பட்டாலும் ஒரு தகுதி எஞ்சி நிற்கிறது, அது ஆசை. குலமோ, கல்வியோ, ஓராண்டு ஊழியமோ அன்று. விரும்பி வந்தவன் என்பதே போதும்.

மேடையில் பேசுவோர் ஆசையை மறந்து, எல்லோர் காதிலும் மந்திரம் விழுந்ததே புரட்சி என்பர். அவர்களைத் திருத்தப் புறப்படும் நம்மவரோ, கோபுரம் அன்று, மந்திரம் அன்று, கேட்டவர் ஸ்ரீவைஷ்ணவர்களே என்று மூன்று திருத்தம் சொல்லிவிட்டு, வந்தவர் முகத்தில் கதவைச் சார்த்திவிட்டுப் போவர். முதல் கூட்டத்தார் பொருளை விட்டனர். இரண்டாம் கூட்டத்தார் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, அது யாருக்காக வெளியாயிற்றோ அவர்களை விட்டனர். இவ்விருவருள் இரண்டாமவர் தவறே கனமானது என்பது அடியேன் துணிபு; அறிந்து செய்வதாதலின்.

நம்பி அழைத்துக் கேட்டபோது, ஆசார்ய நியமனத்தைக் கடந்ததற்கு நரகமே பலன் என்பதை உடையவர் மறுக்கவில்லை. தாம் ஒருவர் அதை அனுபவிக்க, இத்தனை ஆத்மாக்கள் கரையேறுமாயின் அது தமக்கு இசைவே என்றார். அந்த விடையைக் கேட்டுத்தான் நம்பியின் திருவுள்ளம் உருகியது. இவ்வருள் நமக்கு வாய்க்கவில்லையே என்று அணைத்து, 'எம்பெருமானார்' என்று அழைத்தார். எம்பெருமான் என்பது இறைவனுக்கே உரிய பெயர். அதை ஒரு மனிதர்க்கு, மேலும் ஒரு மரியாதை விகுதி கூட்டி, தம்மிடம் பொருள் கேட்க வந்த சிஷ்யருக்கே ஓர் ஆசார்யர் இட்டார். தாமரையாள் கேள்வனிடம் உள்ள இரக்கத்தை அவர் அந்த முகத்தில் கண்டார் என்பதன்றி இதற்கு வேறு என்ன உரை சொல்வது? இந்தத் தரிசனத்திற்கே எம்பெருமானார் தரிசனம் என்று நம்பெருமாள் பெயரிட்டதாக மாமுனிகள் அருளிச்செய்வதும் நினைவுகூரத்தக்கது.

அத்தலத்து எம்பெருமானின் திருநாமம் சௌம்ய நாராயணன். சௌம்யம் என்பது ஸோமன் என்னும் சந்திரன் பெயரிலிருந்து பிறந்த சொல், குளிர்ந்து இனியதாயிருத்தல். சந்திரனில் நிற்கும் ஒளி சூரியனின் கதிரே என்பதை யாஸ்கரின் நிருக்தமே கூறுகிறது. ஜீவன் எம்பெருமானின் நற்குணத்தைப் பிறர்க்குக் காட்டுவதும் இவ்வகையினதே. எல்லாக் குணமும் அப்படி வந்து தங்கா. படைத்தல், எல்லோர்க்கும் ஸ்வாமியாதல் போன்றவற்றை ஜீவன் மேற்போட்டுக்கொண்டால் அது அஹங்காரமாய் முடியும். வாத்ஸல்யம், பொறை, தாழ்ந்தாரோடு கலந்து பழகும் ஸௌசீல்யம், எளிமை, இரக்கம் ஆகிய இவை நிழலிடும். அதுவும், 'நான் இரங்குகிறேன்' என்னும் எண்ணம் இடையில் புகாதவரை. நமஸ்ஸு முன்னே நின்று அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இக்குணம் ஒருவனிடம் வந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? இதற்கு நஞ்சீயர் பலகாலும் அருளிச்செய்வதாக நம் முன்னோர் காட்டும் சோதனை மிக எளியது. எளியதாதலால் தப்ப இடமில்லாதது. ஒருவனுக்கு வைஷ்ணவத்வம் உண்டோ இல்லையோ என்பதை வேறொருவர் சொல்ல வேண்டா, தனக்கே தெரியும். பிறர் படும் துன்பத்தைக் கண்டபோது மனம் பதறினால் உண்டு என்று கொள்ளலாம். அவனுக்கு இது வேண்டியதுதான் என்று உள்ளே ஓர் அமைதி தோன்றினால் இல்லை என்று கொள்ளலாம். திருமண்காப்பின் நேர்த்தியோ, சந்தையின் சுத்தமோ, பிரபந்தம் நாலாயிரமும் நெட்டுருவாயிருப்பதோ இச்சோதனையில் கணக்குக்கு வருவதில்லை. கோயில் குடியில் பிறந்த எங்களுக்கு இது கசப்பான மருந்து. ஓர் ஊரில் தீர்த்த மரியாதையில் முந்தியவர் எவர் என்னும் வழக்கில் பெருமாள் புறப்பாடு வீதியில் நின்றுபோனதை அடியேன் கண்டதுண்டு. இரு தரப்பாரும் ஸம்பிரதாயம் அறிந்தவர்கள். ஸ்வாமியின் உடைமை என்று தம்மை நாள்தோறும் அனுஸந்திப்பவர்கள். பெருமாள் வெயிலில் எழுந்தருளியிருந்தார்.

திருக்கோட்டியூர்ப் பொருளைப் பெற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இருவர் சரிதம் போதும். முதலியாண்டான் உடையவர்க்கு உறவினர்; கல்வியிலும் குலத்திலும் குறைவற்றவர். சரமச்லோகார்த்தம் கேட்க விரும்பியவரை உடையவர் நம்பியிடமே அனுப்பினார். ஆறு மாதம் காத்திருந்த பின், குலம், செல்வம், கல்வி என்னும் மூன்றின் செருக்கு அற்றவருக்கே இது என்று நம்பி குறிப்பிட்டுத் திருப்பியனுப்பினார். அக்காலத்தில் பெரிய நம்பிகளின் திருமகளார் அத்துழாய், நீர் எடுக்கத் துணையின்றித் தவித்தார். துணை வேண்டுமாயின் உன் சீதன வெள்ளாட்டியை அழைத்து வா என்று மாமியார் எள்ளி உரைத்தார். செய்தி தந்தையார் வழியே உடையவரிடம் வந்து சேர்ந்தது. உடையவர் அனுப்பியது ஆண்டானை. மகா வித்வானான அவர் அவ்வீட்டில் தண்ணீர் சுமந்தார். அடுப்படியில் தளிகை செய்தார். அவர் இன்னாரென்று வீட்டார் அறிந்து பதறிய பின்னும், ஆசார்யன் சொன்னாலன்றிப் போகேன் என்று நின்றார். அதன் பின்னரே அவருக்குப் பொருள் அருளப்பட்டது. இன்றும் உடையவர் ஸந்நிதியில் நம் தலைமேல் சாதிக்கப்படும் திருவடி நிலைக்கு முதலியாண்டான் என்றே பெயர். அத்துழாய் வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்துபவர் நம்மில் எத்தனை பேரோ.

கூரத்தாழ்வான், ஆயுள் நிலையற்றதாயிருக்க ஓராண்டு காத்திருக்க இயலாதென்று, ஒரு மாதம் உண்ணாநோன்பிருந்து அதே பொருளைப் பெற்றவர். சோழன் அவையில் கண்களை இழந்தவர். அதற்குக் காரணமாய் நின்றவன் நாலூரான், ஆழ்வானிடமே பயின்றவன். பின்னாளில் உடையவர் நியமித்தபடி ஆழ்வான் காஞ்சியில் பேரருளாளன் திருமுன்பே வரதராஜ ஸ்தவத்தைப் பாடிச் சமர்ப்பித்தார். கண்களைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது உடையவர் திருவுள்ளம். எம்பெருமான் வேண்டியதைக் கேள் என்றபோது, அடியேன் பெற்ற பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று ஆழ்வான் கேட்டார். உடையவர்க்கே முதலில் அது வருத்தமாயிருந்தது.

இதைப் பெரும் தியாகமாக எடுத்துப் பேசுவது வழக்கம். ஆழ்வானின் உள்ளத்தில் அது தியாகமாகத் தோன்றியிருக்கும் என்று அடியேன் எண்ணவில்லை. ஒன்பது உறவில் எதை எடுத்தாலும் நாலூரானுக்கும் பேரருளாளனுக்கும் இடையே அது குறைவின்றி இருக்கிறது. அவன் அறியாமல் பந்தலில் அடித்துக்கொண்டிருப்பவன். அறிந்தவர் சொல்லிச் சேர்த்து வைத்தார். கண்ணிழந்தவர்க்கு இவ்வுறவு இவ்வளவு துலக்கமாய்த் தெரிந்தது என்பதுதான் நம்மை நடுங்க வைப்பது.

இவ்வழி உடையவர்க்கும் முந்தியது. அதன் வேரும் திருக்கோட்டியூரோடு பின்னியதே. பாண்டியன் வல்லபதேவனின் புரோஹிதரான செல்வ நம்பி அவ்வூரைச் சேர்ந்தவர். பெரியாழ்வார் மதுரைக்கு எழுந்தருளிப் பரத்வ நிர்ணயம் செய்ததில் அவர்க்குப் பங்குண்டு. யானை மேல் வலம் வருகையில் எம்பெருமான் ஆகாயத்தில் காட்சி தர, ஆழ்வார் தமக்கென்று ஒன்றும் கேளாமல் அவனுக்கே பல்லாண்டு பாடினார். தனித்துப் பாட மனமின்றி, கைவல்யம் விரும்பியவரையும் செல்வம் விரும்பியவரையும் கூட அழைத்து உடன் பாட வைத்தார். ஐச்வர்யார்த்தியும் வரலாம் என்ற அந்த அழைப்பு ஆசையையும் கடந்து நிற்பது. பின் பெரியாழ்வார் திருமொழியின் தொடக்கத்தில் கண்ணன் பிறந்த களிப்பைத் திருக்கோட்டியூரிலேயே நிகழ்ந்ததாக வைத்துப் பாடுகிறார். எண்ணெயும் சுண்ணமும் ஒருவர் மேல் ஒருவர் தூவி முற்றம் சேறாகிறது. பாலும் தயிரும் கவிழ்கின்றன. கணக்குப் பார்த்துக் கொண்டாடுவார் அங்கே ஒருவரும் இல்லை.

காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் திருவேங்கடமுடையான் எழுந்தருளியிருக்கிறான். அவ்வூரில் பிறந்து உடையவரின் திருநாமத்தைத் தாங்கிய இராமாநுஜ ஐயங்கார் (1890–1967) திருப்பாவை முப்பதுக்கும் இசையமைத்தார். மார்கழி விடியலில் வானொலி வழியே அது சென்று சேர்ந்த வீடுகளில் எத்தனையோ, ஸ்வாசார்யனையும் காலக்ஷேபத்தையும் கண்டறியாதவை. அவ்வீட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி அடுப்பு மூட்டிக்கொண்டே ஒரு பாசுரத்தை முணுமுணுத்து, பின்னொரு நாள் கோயிலுக்கு வந்து இதற்கு என்ன பொருள் என்று கேட்டால், அவள் மாமுனிகள் சொன்ன தகுதியோடு வந்திருக்கிறாள். கோஷ்டியில் உள்ளவர் எவரேனும் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அர்ச்சகர்க்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஸந்நிதியில் கூட்டம் நிற்கும். ஆயினும் நம் பெரிய கோயில்கள் பலவற்றில் ஓய்வு பெற்ற வித்வான்கள் திண்ணையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். மாலையில் ஒரு நாழிகை, வருபவர் கேட்பதற்கு விடை சொல்ல ஒருவர் இருந்தால் தேவஸ்தானத்திற்குச் செலவு ஒன்றும் இல்லை.

திருக்கோட்டியூரில் மாசித் தெப்பத்தின்போது குளத்துப் படிகளெங்கும் அகல்விளக்கு ஏற்றுவர். வேண்டுதல் உள்ளவர் அங்கே எரியும் விளக்கு ஒன்றை எடுத்துச் சென்று வீட்டில் வைத்து வழிபடுவர். வேண்டியது கைகூடியபின் மறு ஆண்டு வந்து மீண்டும் படியில் ஏற்றி வைப்பர். எடுப்பவர் அது யார் ஏற்றிய விளக்கு என்று கேட்பதில்லை. ஏற்றியவரும் யார் எடுத்துப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.